149 என்னும் கோடு

தலைநகரில் நெடுங்காலம் வாழ்ந்த தமிழர்க்குக் கரோல்பாக் அயலூர் அன்று. அங்குள்ள அஜ்மல்கான் சாலையில் பையும் கையுமாய் நடந்து, விலை பேசி, குளிருக்குக் கம்பளி வாங்காத தமிழ்க் குடும்பம் அந்நாளில் இருந்திருக்குமா என்பது ஐயமே. நாமும் 1970-இல் ஆராய்ச்சி மாணவராய் வந்து, அச்சாலைக்கு அண்மையில் ஒரு மாடியறையில் நான்காண்டுகள் குடியிருந்தோம். கோடையின் அனலும் தை மாதத்துப் பனியும் ஒரே சன்னல் வழியாக உள்ளே வரும் அறை அது. சாலைக்கு ஏன் அப்பெயர் வந்தது என்று அந்நான்காண்டுகளில் நாம் ஒருநாளும் கேட்டதில்லை. வாடகைக் கவலையும் ஆய்வேட்டுக் கவலையும் உடையவனுக்குத் தெருப்பெயரின் வரலாறு எதற்கு?

அதனை நமக்குச் சொன்னது அமெரிக்க நாட்டு வேதியியல் ஆய்விதழ் ஒன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த கிளாஸ் பீமன் என்னும் அறிஞர் 1960-ஐ ஒட்டி எழுதிய கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, 'அஜ்மலின்' என்னும் சேர்மத்தின் பெயர் கண்ணில் பட்டது. சற்றே திகைத்து, அதன் வேரைத் தேடினோம். கரோல்பாக்கில் காந்தியடிகள் 1921-இல் திறந்துவைத்த திப்பியா கல்லூரியில், சலீமுஸ்ஸமான் சித்திகி என்னும் வேதியியலார், சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931-இல் பிரித்தெடுத்த பொருள் அது. தமக்கு ஆதரவு தந்து, அதற்குள் மறைந்தும் விட்ட யுனானி மருத்துவர் ஹக்கீம் அஜ்மல்கானின் பெயரையே அதற்குச் சூட்டினார் சித்திகி. நாம் நாள்தோறும் காய்கறி வாங்கிய தெருவின் பெயர், பாஸ்டன் நகரத்து ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கருவியின் வாய்க்குள் சென்று வந்திருக்கின்றது! அன்று தொடங்கியது பீமனிடம் நமக்கு ஏற்பட்ட பற்று. அவரை நாம் நேரிற் கண்டதில்லை, கடிதமும் எழுதியதில்லை. துரோணரைக் காணாத ஏகலைவன் நிலைதான். குருதட்சிணையாகக் கட்டைவிரலைக் கேட்க அவர் வரவில்லை என்பதொன்றே வேறுபாடு. கேட்டிருந்தாலும் பெரிய இழப்பில்லை; நம் கருவியின் பொத்தானை அழுத்த எவ்விரலும் போதும்.

அக்கருவியைப் பற்றி ஈண்டுச் சிறிது சொல்லாமல் மேலே செல்ல இயலாது. நிறை நிறமாலைமானி என்பது அதன் நூற்பெயர். ஆய்வகத்தில் நாங்கள் எல்லோரும் 'மாஸ்' என்றே சொன்னோம். இங்கும் அப்படியே சொல்லுகின்றோம். பிள்ளையார் கோயில் வாயிலில் சிதறுகாய் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேங்காய் ஒவ்வொரு முறையும் வேறுவேறாகச் சிதறும். மூலக்கூறு அவ்வாறன்று. காற்றை முற்றிலும் உறிஞ்சி வெறுமையாக்கிய கலத்தில் அதனை ஆவியாக்கி, எலக்ட்ரான் கற்றையால் தாக்கினால், கோடிக்கணக்கான மூலக்கூறுகளும் தத்தம் அமைப்பிற்கேற்ற ஒரே ஒழுங்கில் உடையும். உடைந்த சில்லுகள் மின்னேற்றம் பெற்றிருப்பதால் காந்தத்தின் இடையே செலுத்தினால், முறத்தில் புடைக்கும்போது பதரும் மணியும் பிரிவதுபோல, கனத்திற்கேற்ப வளைந்து தனித்தனியே பிரியும். எந்தக் கனம் எவ்வளவு என்று தாளில் கோடுகளாக விழும். கோடுகளைப் பார்த்து, உடைவதற்கு முன் இருந்த தேங்காய் எத்தகையது என்று சொல்ல வேண்டும். இதுவே நம் தொழில். ஆஸ்டன் 1919-இல் இத்தகைய கருவியைக் கட்டியபோது தனிமங்களின் ஐசோடோப்புகளை எடைபோடவே அது பயன்பட்டது. பின்னர்ப் பெட்ரோலிய ஆலைகள் அதனை ஏற்றன. தாவரங்களில் விளையும் சிக்கலான பொருள்களை அதில் இட்டுப் பார்க்கலாம் என்று துணிந்தவர் மிகச் சிலர். பீமன் அவருள் முதல்வர் எனலாம்.

அவர் 1926-இல் ஆஸ்திரிய நாட்டு இன்ஸ்புரூக் நகரில் பிறந்தவர். அங்கேயே கரிம வேதியியலில் 1951-இல் முனைவர் பட்டம் பெற்று, 1955-இல் அமெரிக்கா சென்று, 1957-இல் மாசசூசெட்ஸ் கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். அவர் அமர்ந்தது பகுப்பாய்வு வேதியியல் பிரிவில். அக்காலத்தில் கரிம வேதியியலார் கண்ணில் அது இரண்டாம் பந்தி. நறுமணப் பொருள் செய்யும் ஃபிர்மெனிக் என்னும் சுவிஸ் நிறுவனத்தின் சார்பில் உணவுச் சுவை பற்றிய மாநாடு ஒன்றிற்குச் சென்ற இடத்தில், பழங்களின் மணப்பொருள்களை மாஸ் கருவியால் இனங்காணும் முறையை ஒருவர் விளக்கக் கேட்டார். பிறர் மணத்தைப் பற்றிக் கேட்டு எழுந்து போயினர். இவர் கருவியைப் பற்றி எண்ணிக்கொண்டு திரும்பினார். அந்நிறுவனமே பொருளுதவியும் செய்ய, 1958-இல் பெட்ரோலிய ஆலைக்கென்று செய்யப்பட்ட கருவி ஒன்று அவர் கூடத்திற்கு வந்தது.

அடுத்த ஆண்டே சிறு புரதத் துண்டுகளின் அமினோ அமில வரிசையை அதனாற் கண்டறியும் வழியை வெளியிட்டார். புரதத் துண்டுகள் எளிதில் ஆவியாகா. ஆகவே அவற்றை வேதிமுறையால் மாற்றி ஆவியாகச் செய்தார். பின்னர்ச் சர்ப்பகந்தியின் முறை வந்தது. அதே வேரிலிருந்து ஸ்விட்சர்லாந்தில் ஸ்டோலும் ஹாஃப்மனும் 1953-இல் பிரித்த 'சார்ப்பஜின்' என்னும் பொருளின் எலும்புக்கூடு எத்தகையது என்று அறுதியிட வேண்டியிருந்தது. அஜ்மலினின் அமைப்பு முன்பே தெரியும். பீமன் இரண்டிலிருந்தும் ஒத்த வழிப்பொருள்களைச் செய்து, இரண்டின் கோடுகளையும் அருகருகே வைத்தார். ஒரே இராகத்தை இருவர் வெவ்வேறு சுருதியில் பாடியதுபோல் இருந்தது. ஒன்றில் உள்ள கோடுகள் மற்றொன்றில் 16 எண் தள்ளி, அதே உயரம், அதே இடைவெளியுடன் நின்றன. ஒன்றில் நைட்ரஜன் மேல் ஒரு மெத்தில் தொகுதி, அது 14. மற்றொன்றில் வளையத்தின் மேல் ஒரு மெத்தாக்சித் தொகுதி, அது 30. வேறுபாடு 16. எலும்புக்கூடு ஒன்றே! கிராம் கணக்கில் பொருளைச் சேர்த்து, பல்லாண்டுகள் உடைத்துச் சிதைத்துக் கண்டறிய வேண்டியதை, ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த பொருளைக்கொண்டு கண்டுவிட்டார். மாடியறையில் இதைப் படித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை என்றால் மிகையாகாது. மறுநாள் அஜ்மல்கான் சாலையில் நடந்தபோது காலணிகூட வேறு ஓசை எழுப்பியது.

1966-இல் அமெரிக்க அரசின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களது பொருளுதவியுடன் அவரது கூடம், பிறர் எல்லோர்க்கும் உதவும் மாஸ் ஆய்வு மையமாயிற்று. 1996-இல் அவர் ஓய்வு பெறும் வரை முப்பது ஆண்டுகள் அதனை நடத்தினார். அம்மையத்தில் கணிப்பொறியைக் கருவியுடன் பிணைத்து, சில நொடிக்கு ஒரு முறை கோடுகளைப் பதிந்துகொண்டே செல்லும் முறையை வகுத்தனர். 1971-இல், தெரிந்த பொருள்களின் நிறமாலைகளைத் தொகுத்து, புதிய ஒன்றை அத்தொகுப்பில் கணிப்பொறியே தேடிக் காணும் முறையையும் வெளியிட்டனர். இதனால் விளைந்த பயன்களுள் நம் நெஞ்சைத் தொட்டது ஒன்று. அளவுக்கு மீறி மருந்துண்டு நினைவிழந்து மருத்துவமனையில் கிடப்பவர், தாம் எதை உண்டார் என்று சொல்லும் நிலையில் இரார். அவர் குருதியோ சிறுநீரோ இம்மையத்திற்கு வரும். உள்ளே இருப்பது இன்ன மருந்து என்று மருத்துவர்க்கு விடை செல்லும். 1974-இல் இப்பணியைப் பற்றிக் காத்தரின் காஸ்டெல்லோ முதலியோர் பீமனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் படித்தபோது, ஆய்வகம் என்பது மருத்துவமனையின் பின்வாசலாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. அந்தக் காஸ்டெல்லோ அம்மையார் பின்னாளில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தாமே ஒரு மாஸ் மையத்திற்குத் தலைமை ஏற்றார்.

அந்த 1974-ஆம் ஆண்டிலேயே, தலைநகரிலிருந்து இரயிலில் சில மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் நமக்கு வேலை கிடைத்தது. அவர்கள் ஒரு மாஸ் கருவி வாங்கியிருந்தனர். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இரண்டாண்டு பார்த்துவிட்டுச் சொந்த ஆராய்ச்சிக்குத் திரும்பலாம் என்று போனவர், 2008 வரை அங்கேயே இருந்தோம். இடையில் எப்போது அக்கருவிக்கூடத்தின் தலைமை நம்மிடம் வந்தது என்பதைக் கோப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தலைமை என்றால் பெரிதாக எண்ணற்க. நாமும், சுப்பையாவைப் போலப் பாடும் ஒரு வங்காளத் தொழில்நுட்பரும், கண்ணாடிக் குழாய் ஊதும் முதியவர் ஒருவரும், அவ்வளவுதான்.

பீமன் மையத்திற்கும் நம் கூடத்திற்கும் உள்ள ஒற்றுமை, இரண்டிலும் காந்தம் இருந்தது என்பதே. எங்களுக்குத் திரவ நைட்ரஜன் வேறோர் இடத்திலிருந்து குடுவையில் வர வேண்டும். ஓட்டுநர் வழியில் தேநீர் அருந்தினால் கால் குடுவை காற்றோடு போகும். மின்சாரம் நின்றால் வெற்றிடம் குலையும். மீண்டும் உறிஞ்சி எடுக்க ஒரு நாளும் இரவும் வேண்டும். எலக்ட்ரான் உமிழும் இழை அற்றுப்போனால் வெளிநாட்டிலிருந்து புதியது வந்து, சுங்கத்தில் கிடந்து, கைக்கு வரும்போது பருவமே மாறியிருக்கும். கோடுகள் விழுவதோ ஒளியுணர் தாளில். ஊதா ஒளியால் எழுதப்பட்டு, சற்று நேரம் வெளிச்சத்தில் காட்டினால் எழுத்துத் தெளியும். அதிக நேரம் காட்டினால் தாள் முழுதும் பழுப்பேறும். கோடுகளுக்கு எண் அது போடாது. நாமே 18 நீர், 28 நைட்ரஜன், 32 ஆக்சிஜன் என்று காற்றின் கோடுகளிலிருந்து தொடங்கி, பென்சிலால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். முந்நூறுக்கு மேல் போனால் ஒன்று தவறினாலும் எல்லாம் தவறு. அத்தாளும் இறக்குமதி, ஆகவே அதில் நாம் காட்டிய சிக்கனம் கருமியின் சிக்கனம்.

வடபுலத்துக் கல்லூரிகள் பலவற்றிலிருந்தும் மாதிரிகள் வந்தன. பொருளை அனுப்பியவர் ஆய்விதழில் எழுதுவார். இறுதியில் ஒரு வரியில் கூடத்திற்கு நன்றி கூறுவார், சிலர் அதுவும் கூறார். இதில் நமக்கு மனக்குறை இல்லை என்று எழுதினால் அது உண்மையாகாது. உடன் பயின்றோர் பேராசிரியராகி, தம் பெயரால் வினைகளும் நூல்களும் உடையவராய் விளங்கியபோது, நாம் பிறர் பொருளை உடைத்து எண்ணிக்கொண்டிருந்தோம். நம் இல்லத்தரசியார் ஒருமுறை, "ஊரார் வீட்டுத் தேங்காயை உடைத்துக் கொடுக்கவா இவ்வளவு படித்தீர்கள்?" என்றார். சிதறுகாய் உவமையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் நாமே. பீமனும் பிறர் பொருளை ஆய்ந்தவர்தாம். ஆயினும் பிறர் கொணர்ந்த ஒவ்வொரு சிக்கலிலிருந்தும் ஒரு புதிய முறையை உருவாக்கினார். நம்மிடம் வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்.

இது விளையாட்டுச் சொல் அன்று. பிளாஸ்டிக்கை மென்மையாக்கத் 'தாலேட்டு' என்னும் எண்ணெய்ப்பொருள்களைச் சேர்ப்பர். அவை இரப்பர் குழாயிலிருந்தும், பிளாஸ்டிக் மூடியிலிருந்தும், கரைப்பான் நிரம்பிய பீப்பாயிலிருந்தும் கசிந்து எல்லாவற்றிலும் கலக்கும். மாணவர் ஒருவர் இரண்டாண்டு பட்டையை இடித்து, வடித்து, பிரித்து, இறுதியில் ஒரு துளிப் பொருளைப் 'புதியது' என்று கொண்டுவருவார். கருவியில் இட்டால் 149-இல் ஒரு கோடு பனைமரமாய் எழும். பக்கத்தில் 167-உம், தொலைவில் 279-உம் சிறு கோடுகள். கதை முடிந்தது. உலகெங்கும் மாஸ் கருவியைத் தொட்டவர் எவரும் 149 என்றவுடன் கைகொட்டி நகைப்பர். அந்த நகைப்பு நமக்குத் தொழிற்பழக்கமாகவே ஆகிவிட்டது.

1982-ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு பெண் வந்தாள். மலையடிவாரத்து நகர் ஒன்றில் ஆராய்ச்சி செய்தவள். தந்தையார் படையில் பணியாற்றியதால் வடக்கிலேயே வளர்ந்த திருநெல்வேலிப் பெண். தேஜ்பல் என்று அங்கே சொல்லும் முள்மரம். அதன் குச்சியை மலைமக்கள் பல்துலக்கப் பயன்படுத்துவர். அதன் பட்டையிலிருந்து அவள் ஒரு பொருளைப் பிரித்திருந்தாள். சிறு கண்ணாடிக் குழாயைப் பஞ்சில் சுற்றி, சோற்றுப் பாத்திரத்தில் வைத்து, இரவெல்லாம் இரயிலில் மடியில் தாங்கிக் கொண்டுவந்திருந்தாள். "சார், தமிழா? நல்லதாப் போச்சு" என்று அவள் மகிழ்ந்ததை நினைக்க இன்றும் கூசுகின்றது.

அன்று வரிசையில் மாதிரிகள் பல. நைட்ரஜன் அரைக்குடுவைதான். அவளது பொருளை இட்டோம்; 149-இல் பனைமரம் எழுந்தது. உடனே தாளை மிச்சப்படுத்த எண்ணி, முந்நூறுக்கு முன்பே பதிவை நிறுத்திவிட்டோம். 135-இல் ஒரு கோடு இருந்தது. அதைப் பார்க்கவில்லை என்றால் பொய்யாகும், பார்த்தோம், பொருட்படுத்தவில்லை. 167 இல்லை, 279 இல்லை என்பதையும் பொருட்படுத்தவில்லை. தாளின் ஓரத்தில் நீல மையால், 'தாலேட்டு. பிளாஸ்டிக் மாசு' என்று எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தோம். "ஏம்மா, மூடியை மாற்றிவிட்டு மறுபடி பிரித்துப் பார்" என்று அறிவுரையும் சொன்னோம். அவள் சற்று நேரம் தாளையே பார்த்தாள். பிறகு, "சரி சார்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. படிப்பவர்க்கு அது பணிவாகத் தோன்றலாம். அவளுக்குப் பின்னால் இருந்த ஓராண்டு உழைப்பு முழுதும் அந்த இரு சொற்களில் அடங்கியது என்பது அன்று நமக்குத் தோன்றவில்லை.

ஓராண்டு கழித்து, அடுத்த குளிர்காலத்தில், மீண்டும் வந்தாள். நம் சீட்டைக் கண்ட அவளுடைய நெறியாளர், இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டுப் பட்டையிலிருந்தே தொடங்கச் சொன்னாராம். கரைப்பானைக் கண்ணாடியில் மறுபடி மறுபடி வடித்து, இரப்பர், பிளாஸ்டிக் எதையும் அருகில் விடாமல் செய்தபோதும் அதே பொருள் வந்தது. வேறோர் இடத்தில் காந்த ஒத்ததிர்வு நிறமாலை எடுத்தாள். இரண்டு ஆக்சிஜனுக்கு இடையே அமர்ந்த மெத்திலீன் தொகுதி அதில் விளக்குப்போல் தெரிந்தது. ஐயம் அறக் கலப்பு உருகுநிலையும் பார்த்துவிட்டாள். பொருள் செசமின். எள்ளில் இருப்பது, நம் வீட்டு நல்லெண்ணெயில் நாள்தோறும் நாம் உண்பது. தேஜ்பல் பட்டையிலும் அது உண்டு.

செசமினை உடைத்தால் வரும் பெரிய சில்லு 149. தாலேட்டை உடைத்தால் வருவதும் 149. அது மட்டுமன்று: இரண்டிலும் அச்சில்லில் எட்டுக் கார்பன், ஐந்து ஹைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். எண்ணின் பதின்மப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் வரை துல்லியமாக எடைபோட்டாலும் இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் செசமினுக்கு 354-இல் முழு மூலக்கூற்றின் கோடு உண்டு. நாம் பதிவை நிறுத்திய இடத்திற்கு அப்பால், ஒரு முழம் தாளுக்குள், அது நின்றிருந்தது.

இவ்வளவும் கருவியின் குற்றம், தாளின் குற்றம், 149-இன் குற்றம் என்று சொல்லித் தப்பிக்க வழி உண்டா என்று தேடினோம். அவள் அமைதியாகக் கைப்பையிலிருந்து சென்ற ஆண்டு தான் நிரப்பித் தந்த மாதிரிச் சீட்டின் படியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதில் 'பொருளின் நிலை' என்ற இடத்தில், 'வெண்ணிறப் படிகம்; உருகுநிலை 122' என்று முத்துமுத்தாக எழுதியிருந்தாள். நாம் மாசு என்று நகைக்கும் தாலேட்டு எண்ணெய்போல் ஒழுகுவது. உறைந்த படிகத்தைக் கையில் வாங்கி, அது ஓர் எண்ணெய் என்று ஒப்பமிட்டுக் கொடுத்திருக்கின்றோம்! ஒரு கருவியும் வேண்டாம். குழாயைச் சாய்த்துப் பார்த்திருந்தால் போதும்.

"மன்னித்துக்கொள் அம்மா" என்றோம். அவள், "பரவாயில்லை சார், 354 வரைக்கும் ஓட்டிக் கொடுங்க" என்றாள். ஓட்டிக் கொடுத்தோம். 354 வந்தது. அன்று தாளை ஐந்நூறு வரை ஓடவிட்டோம். அதன்பின் ஓய்வு பெறும் நாள்வரை, மாதிரிச் சீட்டை உரக்கப் படித்துவிட்டே பொருளைக் கருவியில் இட வேண்டும் என்ற விதியைக் கூடத்தில் வைத்திருந்தோம். தொழில்நுட்பர் அதை வங்காள இராகத்தில் பாடிவிட்டு இடுவார்.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகே பீமன் செய்த மற்றொரு பணியை நாம் வேறு கண்ணால் நோக்கத் தொடங்கினோம். செவ்வாய்க் கோளுக்குச் சென்ற வைக்கிங் கலங்கள் இரண்டும் 1976-இல், ஜூலை 20-ஆம் நாளும் செப்டம்பர் 3-ஆம் நாளும், தரையிறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மாஸ் கருவி இருந்தது. அதற்குரிய குழுவின் தலைவர் பீமன். எந்திரக் கை செவ்வாயின் மண்ணை அள்ளி இட, அடுப்பு அதை 500 பாகை வரை சூடாக்க, எழும் ஆவியைக் கருவி எடைபோட்டது. உயிர் இருந்தால், அல்லது இருந்து மடிந்தால், கார்பன் சேர்மங்களின் எச்சம் இருக்க வேண்டுமன்றோ? நூறு கோடியில் சில பங்கு இருப்பினும் காணவல்ல கருவி. வந்தவை நீரும் கரியமில வாயுவும். அவற்றுடன் மிகச் சிறிதளவு குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும். பின்னவை பூமியில் கருவியைத் தூய்மை செய்த கரைப்பான்களின் எச்சம் என்று குழு முடிவு செய்தது. அதே கலங்களில் இருந்த வேறொரு சோதனை உயிரைக் கண்டதாகவே குறிகாட்டியது; அதை அமைத்த கில்பர்ட் லெவின், 2021-இல் மறையும் வரை தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் கார்பன் சேர்மம் இல்லையென்று மாஸ் சொல்லிவிட்டபின், உயிரில்லை என்பதே உலகின் பொதுமுடிபாயிற்று. ஒரு கோளின்மேல் பீமன் இட்ட ஒப்பம் அது.

நாம் ஓய்வு பெற்ற 2008-ஆம் ஆண்டில் ஃபீனிக்ஸ் என்னும் கலம் செவ்வாயின் வடதுருவத்தை ஒட்டி இறங்கி, மண்ணில் பெர்குளோரேட்டு என்னும் உப்பு இருக்கக் கண்டது. அவ்வுப்பைச் சூடாக்கினால் ஆக்சிஜனைக் கக்கி, அருகிலுள்ள கார்பன் சேர்மத்தை எரித்துவிடும். எஞ்சுவதைக் குளோரின் சேர்மங்களாக்கும். அப்படியாயின் 1976-இல் கண்ட அந்தக் குளோரோமீத்தேன் பூமியின் மாசா, செவ்வாயின் எச்சமா? சிலி நாட்டு அட்டகாமாப் பாலைமண்ணில் அவ்வுப்பைக் கலந்து சூடாக்கிப் பார்த்த நவாரோ கொன்சாலஸ் குழுவினர், செவ்வாயின் எச்சமே என்று 2010-இல் எழுதினர். பீமன், எண்பத்து நான்கு வயதில், பாடா என்னும் அறிஞருடன் சேர்ந்து 2011-இல் அதனை மறுத்து எழுதினார். நாம் ஓய்வூதியராய்த் தலைநகரில் மகன் வீட்டில் அமர்ந்து அம்மறுப்பைப் படித்தோம். நடுநிலை தவறியே படித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை. அவர் பக்கமே நியாயம் இருக்க வேண்டும் என்று விரும்பினோம். முதுமையில் ஒருவர் தம் பழைய சீட்டை மீண்டும் எடுத்துப் பார்க்க நேர்வது எவ்வளவு கடினம் என்பதை நாம் ஓரளவு அறிவோம்.

அவர் 2016-இல் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டில், கியூரியாசிட்டி ஊர்தியின் கருவி செவ்வாயின் களிப்பாறைத் துகளில் குளோரோபென்சீன் முதலிய கார்பன் சேர்மங்களைக் கண்ட செய்தி வெளிவந்திருந்தது. பின்னர் 2018-இல் ஓர் ஆய்வுக் குழுவினர் நுண்படச்சுருளில் காக்கப்பட்டிருந்த வைக்கிங் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு கோடாகப் படித்தனர். இரண்டாம் கலத்தின் பதிவுகளில் குளோரோபென்சீனுக்குரிய கோடுகள் இருக்கக் கண்டனர். அது செவ்வாயினுடையதாக இருக்கலாம் என்றனர். பூமியின் மாசு என்பதை முற்றிலும் விலக்கவும் இயலாது என்றும் நேர்மையாக எழுதினர். நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அப்பதிவைப் படிக்க முடிந்தது. நம்மைக் கவர்ந்தது அதுவே. முடிபு எதுவாயினும், எவரும் தாளை முந்நூறில் நிறுத்தவில்லை. கோடுகள் அப்படியே கிடந்தன.

அச்செய்தியைப் படித்தபின், கூடத்திலிருந்து விடைபெற்றபோது நாம் கொண்டுவந்திருந்த ஒரே உடைமையாகிய பழைய பதிவுக் கட்டை எடுத்துப் பிரித்தோம். 1982-ஆம் ஆண்டு மார்கழித் தாள் அதில் இருந்தது. அவளிடம் கொடுத்ததன் இணைப்படி. நாம்தான் ஒட்டி வைத்திருந்தோம். அடிக்கடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்ததாலோ என்னவோ, தாள் முழுதும் காப்பிக்கொட்டை நிறமாகிவிட்டது. சன்னலருகில் சாய்த்துப் பிடித்து, மகனின் கைவிளக்கையும் வாங்கிப் பார்த்தோம். 149-இன் கோடு தெரியவில்லை. 135-உம் தெரியவில்லை. ஓரத்தில் நீல மையில் எழுதியது மட்டும் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது: 'தாலேட்டு, பிளாஸ்டிக் மாசு', கீழே நம் ஒப்பம்.